தலைகீழ் பாயின் திருகாணிகள்

ஏற்காட்டில் மட்டுமல்ல, சேலம் வரை இறங்கித் தேடினாலும், மனித குலத்தைத் தலைகீழ் பாய் அளவுக்குச் சந்தேகப்பட்ட ஆள் கிடைக்க மாட்டார். அவர் கணக்கில் உலகில் இரண்டே வகை ஆட்கள்தான்: ஸ்க்ரூடிரைவர் வைத்திருக்கும் திருடர், இன்னும் ஸ்க்ரூடிரைவர் வாங்காத திருடர்.

கடைவீதியில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். புதுப் போர்டு வந்தபோது, மாட்டும் முன்பே எவனாவது கண் வைத்துவிடுவான் என்று சுற்றியிருந்த தாளைக்கூடப் பிரிக்காமல் ஏணியில் ஏறினார். போட்டது சாதாரண போல்ட் அல்ல. முறுக்கி முடிந்ததும் தலை தானே முறிந்து விழுந்துவிடும் ரகம். அப்புறம் ஸ்பேனர் பிடிக்க இடமே இருக்காது. கடைசித் தலையும் விழுந்த பிறகுதான் தாளைக் கிழித்தார். எழுத்துகள் எல்லாம் தலைகீழாக நின்றன.

"பாய், போர்டு தலைகீழா இருக்குங்களே!" என்றேன்.

"இருக்கட்டுங்க. எவனாச்சும் கழட்டிக்கிட்டுப் போயிருவானா?" என்றார். முகத்தில் அப்படியொரு பெருமை.

நான் ஏரிப் பக்கம் ஒரு லாட்ஜில் மேனேஜர். சீசன் முடிந்தால் ஷவர், கண்ணாடி, துண்டு மாட்டும் கம்பி எல்லாம் விருந்தாளிகளோடு மலையிறங்கியிருக்கும். சேலத்தில் இருந்த முதலாளிக்கு என் மேலேயே சந்தேகம். "இனி ஒரு சாமான் காணாமப் போச்சுன்னா, நீயும் கீழ எறங்கிரு" என்று போனில் சொல்லிவிட்டார். வேலை போவதைவிட, திருட்டுப் பட்டத்தோடு போவதுதான் என்னை வதைத்தது.

பாயிடம் ஓடினேன். மனிதருக்குக் கல்யாண வீட்டுக் குஷி. மேஜைமேல் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகப் பரப்பினார்.

"இது சட்டைப் பித்தானாட்டம் ரெண்டு ஓட்டைங்க. இது ஒருவழி. முறுக்கினா பிடிக்கும், கழட்டப் பார்த்தா வழுக்கிரும். ஆனா கண்ணாடி ஒடைஞ்சா நாமளும் கழட்ட முடியாதுங்க. உங்களுக்கு இதுதான். குழிக்கு நடுவுல ஒரு முள்ளு நிக்குது பாருங்க. ஸ்க்ரூ திருகுற சாதா சாவி அதுல இடிச்சு நின்னுரும். முனையில ஓட்டை போட்ட சாவிதானுங்க உள்ள போகும்."

போர்டு மாட்டிய அன்று இந்த ஞானம் எங்கே போயிருந்தது என்று நான் கேட்கவில்லை.

எல்லா அறைக்கும் அவரே வந்து மாட்டினார். அடுத்த சீசனில் ஒரு காலை, விருந்தாளி ஒருவர் வியர்த்து விறுவிறுத்து ரிசப்ஷனுக்கு வந்தார். "என்னங்க லாட்ஜ் நடத்துறீங்க? கண்ணாடி ஸ்க்ரூ கழலவே மாட்டேங்குது!" சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது. பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடையைக் கட்டினார்.

செய்தி கேட்டு முதலாளியே மலையேறி வந்து பாயைக் கூப்பிட்டார். "நொம்ப நல்ல வேலைங்க பாய். ஆனா அந்தச் சாவிய நீங்களே வெச்சுக்கங்க. மேனேஜர் கையில வேண்டாம்."

என் எதிரிலேயே சொன்னார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை.

பாய் சாவியை எடுத்துக் கைலியில் துடைத்தார். "ஏனுங்க மொதலாளி, எங்கூட்டு ஆளுங்களுக்கே நான் சாவி குடுத்ததில்லைங்க. இவருகிட்டக் குடுப்பேனுங்க. வேண்டாம்னா சொல்லுங்க, அத்தன ஸ்க்ரூவையும் இப்பவே கழட்டிக்கறேனுங்க."

போட்டதைக் கழற்றுகிறேன் என்று பாய் சொல்லி ஊரில் யாரும் கேட்டதில்லை. முதலாளி அவசரமாகத் தலையாட்டினார். சாவி என் உள்ளங்கைக்கு வந்தது.

இன்றும் அதே லாட்ஜில்தான் இருக்கிறேன். இந்த மலையில் தலைகீழ் பாய் நம்பிய ஒரே ஆள் நான்; அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைந்துவிடுகிறது.