ஒரு ஸ்பூன் பொடிக்குக் கட்டட அனுமதி

பெரிய காஞ்சிபுரத்தில் அனுமதி வாங்காமல் யாரும் கட்டடம் கட்டக் கூடாது. நல்ல சட்டம்தான். நான் குறையே சொல்லவில்லை.

உதயகுமாரின் சாயப்பட்டறைக் கழிவு கால்வாயைச் சிவப்பாக்குகிறது என்று நோட்டீஸ் வந்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் தண்ணீர் தெளியாவிட்டால் பட்டறைக்குப் பூட்டு. கல்யாணப் புடவை நெய்ய, சாயம் போட நான் கொடுத்த பட்டுப் பாவு நூல் வேறு உள்ளே கிடந்தது.

உதயகுமாரின் தங்கச்சி சங்கரி, கெமிஸ்ட்ரி ஆராய்ச்சி பண்ணுகிறவள். ஒரு டப்பாவில் வெள்ளைப் பொடி கொண்டுவந்தாள். உலோகமும் கரிமமும் கோத்துக் கட்டிய படிகமாம். உள்ளே முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத அறைகளாம். ஒரு வாளிக் கழிவுநீரில் ஒரு ஸ்பூன் போட்டுக் கலக்கினாள். சாயமெல்லாம் அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. தண்ணீர் பளிச்சென்று தெளிந்தது.

பார்வையிட வந்த அதிகாரி கோதண்டபாணி, கட்டடப் பிரிவிலிருந்து மாற்றலாகி வந்தவர்.

"இதுக்குள்ள எவ்ளோ எடம் இருக்குதும்மா?"

"ஒரு ஸ்பூனை விரிச்சா ஃபுட்பால் கிரவுண்டே வரும் சார்."

அவர் முகம் மாறியது. "கிரவுண்டு அளவுக்குக் கட்டியிருக்கீங்க. பிளான் அப்ரூவல் எங்க?"

"சார், இது பொடி!"

"அறை இருக்குதா, இல்லியா?"

"கோடி கோடியா இருக்குது."

"தீப்பிடிச்சா உள்ள இருக்கிற சாயம் எந்த வழியா வெளிய வரும்?"

சங்கரி பாவம், உண்மையைச் சொல்லித் தொலைத்தாள். "வெளிய வராது சார். அதுக்குத்தானே இதைச் செஞ்சதே!"

"உள்ளே போனால் வெளியேற வழியில்லாத கட்டடம்" என்று கோதண்டபாணி பொறுமையாக எழுதிக்கொண்டார்.

அனுமதியற்ற கட்டடத்துக்கு விதிப்படி சீல் வைக்க வேண்டும். டப்பா மூடியில் அரக்கு உருக்கி வைத்தார்கள். பொடியில்லாமல் தண்ணீர் தெளியவில்லை. வெள்ளிக்கிழமை பட்டறைக்கும் சீல் விழுந்தது. என் பாவும் உள்ளேயே மாட்டிக்கொண்டது.

"அக்கிரமம்பா! தெருவே திரண்டு போய்க் கேக்கணும்" என்று நான்தான் கத்தினேன்.

திங்கட்கிழமை தெருவே திரண்டு அலுவலக வாசலில் நின்றது. உதயகுமாருக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்காகவா இவ்ளோ பேரு வந்துக்கினு இருக்காங்க!"

அவனுக்காக இல்லை. கோடி அறை ஆளில்லாமல் கிடக்கிறதே, ஆளுக்கொன்று ஒதுக்கினால் என்ன என்று மனுக் கொடுக்க வந்த வரிசை அது. கோதண்டபாணியும் முறைப்படி டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார்.

வரிசையில் என்னை உதயகுமார் பார்த்துவிட்டான். "அண்ணே, நீயுமா?"

"தறி போட எனக்கும் ஒரு எடம் வேணாமாப்பா?"

"அண்ணே," என்றாள் சங்கரி, "அந்த அறைக்குள்ள ஒரு பட்டு இழைகூடப் போவாதுண்ணே."

"அதெல்லாம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்மா," என்றேன். "கிழக்கு பார்த்த ரூமா இருந்தா போதும்."