பித்தப்பை இல்லாதவர்கள்

பித்தப்பையை எடுத்துவிட்ட மனிதரை அடையாளம் காண ஸ்கேன் தேவையில்லை; அவரே சொல்லிவிடுவார். கல்யாணப் பந்தியில் பாயசம் வருவதற்குள் சொல்வார், மண்டைக்காட்டுக் கோயில் கொடைக்குப் போகும் பஸ்ஸில் சொல்வார், அடுத்தவர் படுத்திருக்கும் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு ஆரஞ்சோடு வந்து, அதைத் தாமே உரித்துத் தின்றபடி சட்டையைத் தூக்கி, விலாவுக்குக் கீழே சாய்வாக ஓடும் தழும்பைக் காட்டிச் சொல்வார். காட்டாத ஒருவரை நீங்கள் பார்த்ததுண்டா? நான் பார்த்ததில்லை.

குளச்சல் மீன் வியாபாரி ததேயுஸ் இந்த இனத்தில் மூத்தவர். சந்தையில் மீன் விற்கும் ஓமனாவுக்கு மறுநாள் ஆப்பரேஷன். பித்தப்பையில் கல், ஒரு வாய் கஞ்சி குடித்தாலும் வலியில் சுருண்டுவிடுகிறாள். வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு, கேமரா விட்டு எடுத்துவிடலாம், சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த நேரத்தில்தான் ததேயுஸ் ஆஸ்பத்திரிக்கு வந்து, கட்டிலருகே நின்று சட்டையைத் தூக்கினார்.

“ஏட்டி ஓமனா, துளையா? டீவியப் பாத்துக்கிட்டு வயித்துக்குள்ள நோண்டுவாவ, கேட்டியா? என்னைய ஒரு சாண் கீறி, உள்ள கைய விட்டு எடுத்தாவ. அதாக்கும் ஆப்பரேஷன். சூரை மீனுக்கு வயித்தக் கீறாம நீ குடல எடுப்பியா?”

ஓமனாவின் முகம் வெளுத்தது. “வீட்டுக்குப் போவோம் மக்கா” என்று மகள் ஷீஜாவின் கையைப் பிடித்தாள். ஷீஜா விடுவாளா?

“மாமா, நெத்திலிக்கு நீரு கத்தியா எடுப்பீரு? தலையக் கிள்ளி இழுத்தா குடலு கூடவே வரும்லா?”

ததேயுஸ் சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

துளை வழியாகவே எல்லாம் நல்லபடியாக முடிந்தது. வலி போயிற்று, கஞ்சி இறங்கிற்று. வீட்டுக்குப் புறப்பட்ட ஓமனா, வாசலுக்குப் போகவேண்டியவள், பக்கத்துக் கட்டிலில் போய் உட்கார்ந்தாள். அங்கே படுத்திருந்த ஜெபமணிக்கும் பித்தப்பைக் கல்தான். ஆனால் அவளுடையது ஏற்கெனவே ஒருமுறை திறந்த வயிறு. உள்ளே ஒட்டிக்கிடக்கிறது, கீறி எடுப்பதுதான் பத்திரம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“கீறாண்டாம்னு சொல்லு மக்கா” என்றாள் ஓமனா. “இந்தக் காலத்துல ஆரு கீறுகாவ?” சேலையை விலக்கிச் சின்னச் சின்ன பிளாஸ்டர்களைக் காட்டினாள். “இந்தா பாரு, பொட்டு வச்ச மாதிரி.”

“எனக்க உள்ள ஒட்டிக் கெடக்காம்...”

“அதெல்லாம் சும்மா சொல்லுகதுட்டி!”

இப்போது ஜெபமணியின் முகம் வெளுத்தது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்கும்போது, “நம்ம மச்சானுக்கு நடந்ததே வேற, அதையல்லவா இவர் எழுதியிருக்க வேண்டும்” என்று ஒருமுறையாவது தோன்றியதா? ஜெபமணிக்கு நாளை காலை ஆப்பரேஷன். தயவுசெய்து, இன்று சாயங்காலம் மட்டும் அவளைப் பார்க்கப் போய்விடாதீர்கள்.