குளிர் விட்டுப் போச்சு

இந்தக் குளிர்காலத்தில் மாமனாரை வீட்டுக்குள் விடுவதில்லை என்று சபதம் எடுத்தேன். மனசுக்குள்தான் எடுத்தேன். வெளியே எடுத்தால் என் மனைவி என்னையும் சேர்த்து வெளியே எடுத்துவிடுவாள்.

மாமனார் நல்லவர். உடற்பயிற்சி வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூடம் அவரை விட்டுவிட்டது. அவர் விசிலை விடவில்லை. போன வருஷம் வந்தவர், விடிவதற்குள் விசில் ஊதி என்னை மொட்டை மாடியில் ஓடவிட்டார். பக்கத்து வீட்டுத் தையல்காரர் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, கைதட்டினார்.

எனக்கு வானிலை ஆபீஸில் வேலை. காற்றழுத்தத் தாழ்வு நிலை எங்கே உருவானாலும் கண்டுபிடித்துவிடுவேன். எங்கள் வீட்டில் அந்த நிலையில் இருப்பது நான்தான்.

ஒரு சாயங்காலம், மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"என்னங்க, இந்த வருஷம் குளிர் எப்படி?"

கேள்வி எங்கே போகிறது என்று புரிந்தது. கடுங்குளிர் வரும் என்று அன்றுதான் ஆபீஸில் அறிக்கை தயாரித்திருந்தோம்.

"குளிரா? பேருக்குத்தான். ஸ்வெட்டரை வெளிய எடுக்கவே வேணாம்."

"அப்பாடா! குளிர்ல அப்பா பயணம் பண்ணக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். அப்ப தாராளமா வரலாம்."

எனக்கு வியர்த்தது.

"இரு, இரு. நான் சொன்னது இந்த வாரத்துக்கு. அடுத்த வாரம் பாரு, பல்லு தந்தியடிக்கும்!"

"ஐயையோ! அந்தக் குளிர்ல அவர் தனியா எப்படி இருப்பார்? இப்பவே வந்துடணும்."

"அப்ப, குளிர் இல்லேன்னா?"

"வரலாம்."

"இருந்தா?"

"வந்தே ஆகணும்."

"ரெண்டுக்கும் நடுவுல இருந்தா?"

"உங்களுக்குக் குளிர் விட்டுப் போச்சு!" என்று மடித்த போர்வையை என் மேல் வீசினாள். அப்புறம் குரல் இறங்கியது. "ஃபோன்ல ஒரு வார்த்தைக்கு நாலு தடவை இருமறார். கேட்டா, புரையேறிடுச்சுங்கறார். எத்தனை கூப்பிட்டும் பொண்ணு வீட்டுக்குப் பாரமா வரமாட்டாராம்."

அவரே வரமாட்டாராமே! "பாவம், வற்புறுத்தாதே" என்றேன், உள்ளுக்குள் துள்ளிக்கொண்டு.

மறுநாள் வீடு திரும்பினால், கூடத்தில் மாமனார். கழுத்தில் மஃப்ளர். அதன்மேல் விசில்.

"வாங்க மாமா!"

"பேசாதீங்க மாப்பிள்ளை! மார்ச்சளிக்குப் பேச்சே ஆகாது. போய்ப் படுங்க!"

"யாருக்கு மார்ச்சளி?"

மனைவி என்னைச் சமையலறைக்குள் இழுத்துப்போனாள்.

"அவரை நாம பாத்துக்கறோம்னா வரமாட்டார். உங்களை அவர் பாத்துக்கணும்னா ஓடி வருவார். மாப்பிள்ளை மூச்சுவிடவே சிரமப்படறார்னேன். அடுத்த பஸ்ஸைப் பிடிச்சுட்டார்."

"பெத்த அப்பாகிட்டயே பொய்யா?"

"கட்டின பொண்டாட்டிகிட்ட சொல்லலாமாக்கும்?"

போய்ப் படுத்தேன். மூன்று போர்வை. வேளாவேளைக்கு ஆவி பிடித்தல். ஓட்டம் ரத்து, ஆனால் படுத்தபடியே விசிலுக்கு ஏற்றபடி கைகால்களைத் தூக்க வேண்டும். ஆபீஸிலிருந்து வந்ததும் மறுபடி போர்வைக்குள். குளிரும் எங்கள் அறிக்கையை மதித்து நிஜமாகவே வந்து சேர்ந்தது. மாமனார் என் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, எனக்குக் கேட்கக்கூடாது என்று சுவர்ப்பக்கம் திரும்பி, மஃப்ளருக்குள் இருமிக்கொள்வார். எனக்குக் கேட்டது.

ஒரு காலையில் என் நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தார்.

"சுத்தமாயிடுச்சு மாப்பிள்ளை. இனிமே எனக்கு இங்க என்ன வேலை? கிளம்பறேன்."

வெளியே குளிர் கொஞ்சமும் குறையவில்லை. பையைத் தேடி எழுந்தவர், வந்த இருமலை விழுங்கிக்கொண்டு சுவரைப் பிடித்தபடி நின்றார். வாசற்படியில் என் மனைவி. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கக்கூட இல்லை. நான் சும்மா படுத்திருந்தாலே போதும், மத்தியான பஸ்ஸில் விசில் ஊரைவிட்டே போய்விடும்.

இருமினேன்.