மணலில் தெரு போட்ட மிலிட்டரி ஏட்டு

ஆவடியிலிருந்து அம்பத்தூர் வரைக்கும் எத்தனையோ போலீஸ்காரர்களைப் பார்த்திருக்கிறேன். திருடனைப் பிடிக்கக் கிளம்பும் முன் தரையில் உட்கார்ந்து மணல் வீடு கட்டினவர் எங்கள் மிலிட்டரி ஏட்டு ஒருத்தர்தான்.

பதினைந்து வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து காக்கி மாட்டினவர். அங்கே சண்டைக்குப் போகும் முன் மலை, ஆறு, பாலம் எல்லாவற்றையும் மணலில் செய்துவைத்து விளக்குவார்களாம். இவர் ஆடு காணாமல் போனாலும் அதையேதான் செய்வார். செங்கல் துண்டு வீடு, தீப்பெட்டி பஸ், சுண்ணாம்புக் கோடு ரயில் பாதை. ஒரு தடவை கோழித் திருடனுக்காக இவர் தெரு போட்டு முடிப்பதற்குள் கோழி குழம்பாகிவிட்டது. இன்ஸ்பெக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

"பிளான் இல்லாம போனா ஆள் காலி சார்!" என்றார் இவர், விறைப்பாக நின்று.

எண்பதுகளின் கடைசி. நான் டைப்ரைட்டிங் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா வேலை பார்த்த பட்டறையை மூடிவிட்டார்கள். அந்த மனுஷன் எங்களிடம் மூச்சுவிடாமல் ஒரு மாசமாக டிபன் பாக்ஸோடு காலையில் கிளம்பி, சாயங்காலம் திரும்பிக்கொண்டிருந்தார். விஷயம் தெரிந்ததும் அம்மா கத்தித் தீர்த்துவிட்டாள். அப்பா வாட்சையும் கல்யாண மோதிரத்தையும் கழற்றி டிவி மேல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். மோதிரத்தைக் கழற்றிவைத்துவிட்டுப் போகிற மனுஷன் திரும்பி வருவாரா? ரயில் பாதை வேறு கூப்பிடு தூரத்தில்.

போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினேன். ஏட்டு கூடவே வந்தார். வந்தவர், பக்கத்துவீட்டுக்காரர் வீடு கட்டக் கொட்டியிருந்த மணலைப் பரப்பி உட்கார்ந்துவிட்டார்!

"யோவ், எங்கப்பா உயிரோட இருக்காரோ இல்லியோன்னு தவிக்கிறோம், நீ வெளையாடறியா?" என்று கத்தியேவிட்டேன்.

"ரெண்டே நிமிசம்மா," என்றார், தலை நிமிராமல்.

தெருவே கூடிவிட்டது. கூடினவர்கள் சும்மா இருப்பார்களா?

"இன்னாய்யா, எங்க ஊட்டுக்கு ஒடஞ்ச ஓடா? எங்களுது மாடி ஊடு!" என்று எதிர்வீட்டு அம்மா சண்டைக்கு வந்தார்.

"தண்ணி டேங்கு இந்தாண்ட கீதுபா," என்று ஒருத்தர் செங்கலை நகர்த்தினார்.

இஸ்திரி வண்டிக்காரர் மட்டும் ரயில் பாதைச் சுண்ணாம்புக் கோட்டில் விரலை வைத்தார். "இங்கதான் சார் தெனம் நிப்பாரு! டிபன் பாக்ஸோட வேப்பம்பட்டு வண்டில ஏறுவாரு. சொந்தக்காரங்க கீறாங்கன்னு நெனச்சேன்."

அங்கே எங்களுக்கு ஒருவருமில்லை. ஏட்டும் நானும் அடுத்த ரயிலைப் பிடித்தோம். வேப்பம்பட்டு பிளாட்பாரத்தின் கடைசி பெஞ்சில் அப்பா இருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தை மூடிக்கொண்டார்.

ஏட்டு திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினார்.

"நானும் பட்டாளத்த உட்டு வந்து ஆறு மாசம் தெனம் ஷூவுக்கு பாலீஷ் போட்டுகினு கெளம்புவேன் அண்ணாத்தே. போறதுக்கு எடமே கெடையாது. பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுல ஒக்காந்துட்டு ஊட்டுக்குப் போவேன். எம் பொண்டாட்டிக்கு இன்னி வரிக்கும் தெரியாது. நீ சொல்லிடாதே!"

அப்பா சிரித்தாரா, அழுதாரா, தெரியவில்லை. ஏட்டின் கையை மட்டும் வீடு வரைக்கும் விடவில்லை.

வாசலில் நின்ற அம்மாவிடம், "காணாமல்லாம் போவல தாயி, வெளிய போய்ட்டு வந்துகீறாரு. சோறு போடு," என்றார் ஏட்டு.

அதற்கப்புறம் பதினேழு வருஷம் அப்பா எங்களோடு இருந்தார். என் பிள்ளைகளைத் தோளில் தூக்கித் திரிந்தார். அத்தனை வருஷமும் எங்கள் ஏட்டு எங்களுக்குக் கொடுத்தது.