ஏணிக்கு முப்பத்தொரு பக்கம்

மனிதகுலம் நெருப்பைக் கண்டது, சக்கரத்தைக் கண்டது; அதற்குப் பிறகு உருப்படியாகக் கண்டது வணிக ஒப்பந்தம் ஒன்றைத்தான். இது தெரியாமலேயே பன்னிரண்டு வருடம் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தார்கள் இரண்டு பேர். மச்சான் ஏணிமேல் நின்று எழுதுவார். அவர் மனைவியின் தம்பியான மாப்பிள்ளை கீழே நின்று ஏணியைப் பிடிப்பான். "நகர்த்து" என்றால் நகர்த்துவான். ஒரு 'நிறுவனம்' இப்படி வெறும் வாய்வார்த்தையில் நடந்திருக்கிறது என்பதை நினைத்தால் இன்றும் உடம்பு நடுங்குகிறது.

நல்லவேளையாக, மச்சான் அரைநாள் 'தொழில்முனைவோர் கருத்தரங்கு' ஒன்றுக்குப் போய், கழுத்தில் தொங்கிய அட்டையோடு திரும்பினார்.

"மாப்ள, இனிமே நாம பார்ட்னர்ஸ்."

"இத்தனை வருஷம் என்னவா இருந்தோம் மச்சான்?"

"சொந்தக்காரங்க," என்றார் மச்சான், வெட்கத்தோடு.

ஒப்பந்த ஆலோசகரின் அறை நகலெடுக்கும் கடைக்கு மேலே இருந்தது. முதலில் 'வரையறைகள்'. ஒரு மணி நேரத்தில் மாப்பிள்ளை 'இரண்டாம் தரப்பு' ஆனான். ஏணி 'உபகரணம்' ஆனது. மழை 'கட்டுப்பாட்டை மீறிய சூழல்' ஆனது. அடுத்து ரகசியக் காப்பு.

"பெயின்ட்ல எவ்வளவு டர்பன்டைன் கலக்கறீங்கன்னு வெளிய தெரியக் கூடாது."

"டப்பாவிலேயே போட்டிருக்கே சார்."

"அப்ப டப்பாவைத் திருப்பி வைங்க."

ஆனாலும் மகுடம் பதினான்காம் பிரிவுதான்: 'அறிவிப்பு'. ஒரு தரப்பு மற்றதற்கு எதைச் சொல்வதானாலும் எழுத்தில், இரண்டு பிரதிகளில், கையொப்பமிட்டு, நேரில் கொடுக்க வேண்டும். வாயால் சொன்னால் மீறல். மூன்று மீறல் செய்தவருக்குத் தொழிலில் இடமில்லை.

"பக்கத்துலயேதானே சார் நிக்கறேன்?"

"வாயால சொன்னா நாளைக்கு யாரு சாட்சி?"

"எங்க அக்கா."

"அவங்க தரப்பே இல்லையே," என்றார் ஆலோசகர், இரக்கத்துடன்.

கையெழுத்துப் போட்ட மறுநாள் "மச்சான், டீ வந்திருச்சு" என்றது முதல் மீறல். "அக்கா போன் பண்ணுச்சு" என்றது இரண்டாவது. மச்சான் ஏணியிலேயே நின்று வருத்தத்தோடு குறித்துக்கொண்டார். "தப்பா எடுத்துக்காத மாப்ள, எல்லாம் நம்ம நல்லதுக்குத்தான்." இன்னும் ஒரு தடவை வாய் திறந்தால் மாப்பிள்ளை வெளியே. ஏணி பிடிப்பதைத் தவிர அவனுக்கு வேறு வேலை தெரியாது.

அந்தப் புதன்கிழமை ஒரு பல் மருத்துவமனைக்குப் பலகை. யாரோ சோப்புத் தண்ணீர் ஊற்றித் தரையைக் கழுவிவிட்டுப் போயிருந்தார்கள். ஏணியின் இடது கால் ஓர் அங்குலம் நகர்ந்தது. மாப்பிள்ளை நெஞ்சால் முட்டுக்கொடுத்தான். இன்னோர் அங்குலம். ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டவன் என்பதால், ஒரு கையால் ஏணியைப் பிடித்து, பேனா மூடியைப் பல்லால் பிடுங்கி, கார்பன் தாள் வைத்து எழுதினான்: 'பெறுநர்: முதல் தரப்பு. பொருள்: உபகரணம் வழுக்குவது தொடர்பாக.' எட்டி நீட்டினான். நாலாவது படிக்கு மேல் கை போகவில்லை.

வேலையா, மச்சானா? அவன் ரொம்ப யோசிக்கவில்லை.

"மச்சான், இறங்குங்க. வழுக்குது."

"எழுதிக் குடு மாப்ள. இது மூணாவது."

"எழுதிட்டேன். எட்டலை."

"அப்ப இரு, இந்த 'ல்'லுக்குப் புள்ளி வெச்சிட்டு வந்து வாங்கிக்கறேன்."

புள்ளி வைப்பதற்குள் ஏணி போய்விட்டது. மாப்பிள்ளை இரண்டு பிரதிகளையும் எறிந்துவிட்டுக் கைகளை விரித்தான். மச்சான் நேராக அவன்மேலேயே விழுந்தார். இவருக்கு வலது கை. அவனுக்கு இடது கால்.

அடுத்த வாரம் இருவரும் மாவுக்கட்டோடு ஆலோசகர் அறைக்குப் படியேறினார்கள்.

"மூணாவது மீறல்," என்றார் ஆலோசகர் கம்பீரமாக. "இரண்டாம் தரப்பை நீக்கிடலாம்."

"அதுக்கு நான் எழுத்துல குடுக்கணுமே சார்," என்று மச்சான் கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டினார். "இது தேறினாலும் அதை எழுதத் தேறாது." மாப்பிள்ளை அவரைப் பார்த்தான். அவர் ஜன்னலைப் பார்த்தார். "அதை விடுங்க. நாங்க ரெண்டு பேரும் இப்படி ஆனதுக்கு யாரு பொறுப்பு?"

ஆலோசகர் முப்பத்தோராம் பக்கத்தைத் திருப்பி, கடைசிப் பிரிவில் விரலை வைத்தார்.

'இதனால் யாருக்கு என்ன ஆனாலும், இதை எழுதியவர் பொறுப்பல்ல.'

தரப்பு இல்லை, உபகரணம் இல்லை, சுற்றி வளைத்தல் இல்லை. மொத்த ஒப்பந்தத்திலும் மாப்பிள்ளைக்கு ஒரே வாசிப்பில் புரிந்த வாக்கியம் அது ஒன்றுதான். நினைத்தால் அந்த மனிதருக்குத் தெளிவாகவும் எழுத வருகிறது.