சிரித்துக் கொடுத்த மனு

ஏழு குன்றுகளுக்கு நடுவே நகைமங்கலம் என்றொரு நாடு இருந்தது. அங்கே ஓர் அரசரும், ஒரு பெரிய ஏரியும், ஒரே ஒரு நகைச்சுவையும் இருந்தன. அரசர் பெயர் இன்முகவர்மர். ஏரிக்கரையின் அடியில் குடியிருந்தவர்களுக்குக் கரைப்புறத்தார் என்று பெயர். நகைச்சுவை அவர்களைப் பற்றியது.

மழை வந்ததும் கரைப்புறத்தான் ஒருவன் குடையை மடக்கி வேட்டிக்குள் செருகிக்கொண்டு நனைந்தபடியே ஓடினானாம். ஏனப்பா என்று கேட்டதற்கு, "குடை நனைஞ்சிருமே" என்றானாம்.

அரசவை தினமும் இதைச் சொல்லித்தான் தொடங்கும். குடைக்குப் பதில் சில நாள் செருப்பு வரும், சில நாள் எருமை வரும். கரைப்புறத்தான் மட்டும் மாறமாட்டான். மனு கொடுக்க வருபவர் முதலில் சிரிக்கவேண்டும், பிறகுதான் மனு வாங்கப்படும் என்று சட்டம் இருந்தது. நாட்டில் நல்லிணக்கம் வளர்வதற்காகப் போட்ட சட்டம் அது.

நகைச்சுவைத் துறை அமைச்சர் மதிநிதியாருக்கு ஒருநாள் ஓர் ஐயம் எழுந்தது. "நாடே சிரிக்கிறது. உண்மை இல்லாமலா சிரிப்பார்கள்? குடை பிடிக்கத் தெரியாதவர்களை நம்பி ஏரிக்கரையை எப்படி விட்டுவைத்திருக்கிறோம்?"

தலைமுறைகளாகக் கரைக்காவல் பார்த்த கரைப்புறத்தார் அன்றே நீக்கப்பட்டார்கள். மூன்று அறிஞர்கள் நியமிக்கப்பட்டார்கள். ஈரத்தில் நின்றால் சளி பிடிக்கும் என்பதால் அவர்கள் அரண்மனை மாடியிலிருந்தே ஏரியைப் பார்த்துக்கொண்டார்கள். அங்கிருந்து பார்க்க ஏரி நன்றாகத்தான் இருந்தது.

ஐப்பசி அடைமழையில் மாசாணி அவைக்கு வந்தாள். வேலை போன கரைக்காவல்காரி. அமைச்சர் குடைக் கதையைச் சொன்னார். அவை சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"ஐயா, மதகுக்குத் தெக்கால கரை விரிசல் விட்டிருக்கு. கை நுழையுது. ஆளனுப்புங்க. கீழ நாப்பது குடிசை இருக்கு."

"நீ இன்னும் சிரிக்கவில்லை."

"சிரிப்பு வரலைங்க."

அமைச்சர் வருத்தப்பட்டார். "இதில் பகை ஏதும் இல்லையம்மா. பாசத்தில் சொல்வது. என் வீட்டுச் சமையற்காரரே கரைப்புறத்தார்தான். இதைச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார்."

"அவரு என் அண்ணந்தாங்க. வீட்டுக்கு வந்தா யாருகிட்டயும் பேசமாட்டாரு."

மனு திருப்பி அனுப்பப்பட்டது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது தேசவிரோதம் என்று மாலைக்குள் புதிய ஆணையும் வந்தது.

மறுநாள் காலை மாசாணி மீண்டும் வந்தாள். கதை முடிவதற்குள்ளேயே சிரித்தாள். கண்ணில் நீர் வரும் வரை சிரித்தாள்.

"ஐயா, நேத்துக் கை நுழைஞ்சது. இன்னைக்கு ஆட்டுக்குட்டி நுழையுது."

அவை முன்பைவிடப் பலமாகச் சிரித்தது. அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "ஆட்டுக்குட்டியா! இது குடையைவிட நன்றாயிருக்கிறதே."

"நெசமாத்தாங்க சொல்றேன்."

அமைச்சர் மனுவின் மேல் குறிப்பு எழுதினார்: 'மனுதாரர் சிரித்துக்கொண்டே கொடுத்தார். ஆகவே அவசரம் ஏதும் இல்லை. ஆட்டுக்குட்டிப் பகுதியை நாளைய அவைக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.'

மாசாணி அதற்குமேல் வாதாடவில்லை. வீடு வீடாகப் போய் எல்லோரையும் வடக்குக் குன்றில் ஏற்றினாள். அண்ணனையும் வேலைக்குப் போகவிடவில்லை.

மறுநாள் முற்பகல் கரை உடைந்தது. நாற்பது குடிசைகளும் போயின. பிறகு தண்ணீர் நகரத்துக்கு வந்தது. அவையில் அப்போது ஆட்டுக்குட்டிக் கதை நடந்துகொண்டிருந்தது. முன்வரிசைக்காரர்கள் தண்ணீரையும் கதையில் சேர்த்துக்கொண்டு முழங்கால் அளவு ஏறும்வரை சிரித்தார்கள்.

அமைச்சர் ஒரு கதவைப் பிடித்து மிதந்து வடக்குக் குன்றில் கரையேறினார். மழை விடவில்லை. மேலே, நனையாத இடம் என்று இருந்தது மாசாணியின் பெரிய தாழங்குடை ஒன்றுதான். அதன் கீழ் அவளும், பக்கத்துக் குடிசைக் குழந்தைகள் இரண்டும், அண்ணனும் உட்கார்ந்திருந்தார்கள்.

"அம்மா, குளிர் தாங்கவில்லை. குடைக்குள் கொஞ்சம் இடம் கொடு."

மாசாணி அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். சொட்டச் சொட்ட நின்றிருந்தார்.

"குடை நனைஞ்சிருமே ஐயா."

அண்ணன் சிரித்தார். அமைச்சர் வீட்டில் இத்தனை வருடம் சிரித்த சிரிப்பு அல்ல அது; அமைச்சர் அதைக் கேட்டதே இல்லை.

அமைச்சருக்குச் சட்டம் நினைவுக்கு வந்தது. பல் கிட்டித்துப் போயிருந்தாலும், முடிந்தவரை வாயைத் திறந்து சிரித்தார்.

"சிரிக்கிறீங்களே ஐயா," என்றாள் மாசாணி. "அப்ப ஒண்ணும் அவசரமில்ல போல."