வாஷர் நைனாவின் இரண்டாவது கிளாஸ்

சோடா மிஷினின் மனசு தெரிந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்தார். அவரும் ராயபுரத்தில்தான் இருந்தார். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. எங்களுக்கு வாஷர் நைனா. சட்டைப் பை நிறைய ரப்பர் வாஷர்கள். அதில் ஒன்றை எப்போதும் மோதிரம்போல விரலில் மாட்டி உருட்டிக்கொண்டே வருவார்.

எழுபதுகளின் தொடக்கம். துறைமுகத்துக்குப் பக்கத்தில், கப்பல் சரக்கைச் சுங்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் கம்பெனியில் நான் கிளார்க். எங்கள் முதலாளி ஏதோ ஏலத்தில் கப்பலில் இருந்து இறக்கிய சோடா மிஷின் ஒன்றை வாங்கி வந்து கேன்டீனில் நிறுத்திவிட்டார். மூன்று குழாய்கள். ஒன்றில் வெறும் சோடா, ஒன்றில் எலுமிச்சை, ஒன்றில் நன்னாரி. அடியில் கேஸ் சிலிண்டர். முதல் வாரம் அதற்கு மாலை போட்டோம். இரண்டாவது வாரம் திட்டினோம். மூன்றாவது வாரம் நைனாவுக்கு ஆள் அனுப்பினோம்.

வந்தவுடன் மிஷினைத் தொடமாட்டார். கேன்டீன் நடத்தும் கோவிந்தனைத்தான் முதலில் விசாரிப்பார்.

"கேஸ் நிக்கலன்றியே, ஐஸ் எப்போ போட்ட?"

"காலைல போட்டேன் நைனா."

"இப்போ மணி மூணு. தண்ணி வெந்நியா கீது. அதுல கேஸ் எப்டிபா குந்தும்? நீ குந்துவியா?"

இன்னொரு நாள் கிளாஸ் முழுக்க நுரை, அடியில் அரை விரல் சோடா. சிலிண்டர் திருகைக் கோவிந்தன் முழுசாகத் திறந்து வைத்திருந்தான். நன்னாரிக் குழாய் அடைத்துக்கொண்ட அன்று, நைனா ஊசியால் நோண்டி உள்ளேயிருந்து ஓர் எலுமிச்சை விதையை எடுத்தார். எலுமிச்சை விதைக்கு நன்னாரிக் குழாயில் என்ன வேலை என்று கோவிந்தனை அரை மணி நேரம் நிற்க வைத்துக் கேட்டார். கோவிந்தன் பாவம், கடைசியில் தான் செய்யாததையெல்லாம் ஒப்புக்கொண்டான்.

ரிப்பேர் முடிந்ததும் இரண்டு கிளாஸ் பிடிப்பார். ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு. ஒரே நேரத்தில் குடிக்க வேண்டும்.

"ஒத்த நாக்க நம்பக் கூடாது கிளார்க்கு. ரெண்டு நாக்கு சொன்னாத்தான் கணக்கு" என்பார்.

அந்த ஒரு கிளாஸ் சோடாவைக் குடிக்க அவருக்கு முக்கால் மணி நேரம் ஆகும். பாடுபட்டு ஏற்றிய கேஸெல்லாம் அதற்குள் போய்விடும். அதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. மத்தியானம் என்ன சாப்பிட்டேன், நான் தனியாகத் தங்கியிருந்த லாட்ஜில் மூட்டைப்பூச்சி குறைந்ததா என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

ஆனால் ஒரு தொல்லை மட்டும் தீரவே இல்லை. சிலிண்டர் குழாய் சேரும் இடத்தில் வாரம் தவறாமல் கேஸ் ஒழுகும். சனிக்கிழமை தவறாமல் நைனா வாஷர் மாற்ற வருவார். முதலாளி பொறுமை இழந்து, இன்னொரு தடவை ஒழுகினால் மிஷினைப் பழைய இரும்புக்குப் போடு என்று உத்தரவு போட்டுவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை நைனா நட்டை முடுக்கிவிட்டு எழுந்தபோது அவர் கையைப் பார்த்தேன்.

"நைனா, மாத்தறேன்னு எடுத்த புது வாஷர் உங்க விரல்லயே இருக்கு. உள்ள எதைப் போட்டீங்க?"

"பழசுதான்" என்றார், தரையைப் பார்த்தபடி.

"ஏன்?"

"நல்லா பண்ணிட்டா அப்பால யாருபா கூப்புடுவா? ரூம்ல பேச்சுத் தொணைக்கு ஒரு பல்லி இருந்துச்சு. அதையும் இந்த வாரம் காணல."

முதலாளியின் உத்தரவைச் சொன்னேன். மறுபடி உட்கார்ந்து புது வாஷரைப் போட்டார். பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். கிளாஸ் பிடிக்கவில்லை.

அதற்கப்புறம் ஆறு வாரம் மிஷின் சாமியார் மாதிரி நடந்துகொண்டது. முதலாளிக்கு சந்தோஷம். எனக்குத்தான் அந்தச் சோடாவைத் தனியாகக் குடிக்கப் பிடிக்கவில்லை. மத்தியானம் என்ன சாப்பிட்டேன் என்று அந்த ஊரில் என்னைக் கேட்க வேறு யாரும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

ஏழாவது சனிக்கிழமை முதலாளி வீட்டுக்குக் கிளம்பியதும் ஸ்பேனரை எடுத்தேன். நட்டைத் திருகினேன். உஸ்ஸென்று சத்தம் வந்தது.

"கோவிந்தா, நைனாவைக் கூட்டிட்டு வா. முதலாளிக்குத் தெரிய வேணாம்."

நைனா வந்தார். அன்று கோவிந்தனை ஒன்றும் கேட்கவில்லை. குனிந்து நட்டைப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"வாஷர் நல்லா கீது. எவனோ நட்டை லூஸ் பண்ணிகீறான்."

"யாரா இருக்கும் நைனா?"

"வேலை தெரியாதவன். இம்மாந் திருகு திருகினா சிலிண்டரே காலியாப் பூடும். கால் திருகு போதும் கிளார்க்கு."

நட்டை முடுக்கினார். கிளாஸ் இரண்டு பிடித்தார். உட்கார்ந்தார். "மத்தியானம் இன்னா சாப்ட?"

அந்தக் கம்பெனியில் நான் இருந்தவரை சனிக்கிழமைதோறும் கால் திருகுதான். இன்றைக்கும் கடையில் சோடா கேட்கும்போது வாய் தானாக இரண்டு என்கிறது. கடைக்காரர் என் பக்கத்தில் யாரென்று பார்க்கிறார். நானும் ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.